கார் தானம் வாங்கப் போனவன்

ஓடாத காரையும் ஓட மனமில்லாத காரையும் சிரித்த முகத்தோடு லொறியில் ஏற்றிக்கொண்டு வருவதுதான் என் தொழில்.

லண்டனில் பழைய காரை என்ன செய்வதென்று தெரியாதவர்கள் அதை ஒரு தரும நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம். போனில் சொன்னால் போதும், நான் வாசலில் நிற்பேன். காரை ஏலத்தில் விற்பார்கள், ஏலத்துக்கும் உதவாவிட்டால் இரும்புக்குப் போடுவார்கள். காசு நோயாளிகளுக்கோ நாய் பூனைகளுக்கோ போகும். கூடிய வரி கட்டுகிற ஆட்களுக்கு அதில் கொஞ்சம் வரிச் சலுகையும் உண்டு. இந்த நாட்டின் வரி வருடம் ஏப்ரல் ஐந்தாந் திகதி முடிகிறது. அதனால் மார்ச் பிறந்ததும் லண்டன் சனங்களின் நெஞ்சில் தரும சிந்தனை பொங்கத் தொடங்கும். ஏப்ரல் ஆறாந் திகதி காலையில் அது அடங்கிவிடும்.

அடுத்தவர் வாசலில் நின்று மணியடித்துப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் நான் சொல்லப்போவது புதிதாக இராது. பார்சல் கொடுக்கிறவர், மீற்றர் பார்க்கிறவர், சாப்பாடு கொண்டு ஓடுகிறவர், எல்லோருக்கும் ஒரே தலையெழுத்துத்தான். கதவு திறக்கும்வரை நாங்கள் வேலைக்காரர். திறந்த பிறகு அந்த வீட்டுச் சண்டையில் பாதிப் பங்காளி. அதுவும் எங்களுடைய கந்தோரில் வேலை பிரித்துக் கொடுக்கிற மொரீன் என்ற அயர்லாந்துக்காரி, கார் கொடுக்கிறவரின் பெயர் நீளமாக இருந்தால் அந்தக் காரை என் தலையில்தான் கட்டுவாள். தமிழ் வீடு என்றால் நான் முழுப் பங்காளி.

ராகுவும் மணிக்கூடும்

கிங்ஸ்பரியில் ஒரு அம்மா. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார். மார்ச் கடைசி. ஒன்பதுக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் போய் நின்றேன். தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது, மகளின் கலியாண அல்பம்கூட வந்தது. கார்த் திறப்பு மட்டும் வரவில்லை. அது சாமி அறைக்குள் இருக்கிறது, பத்து மணிக்குத்தான் எடுக்கலாம் என்றார். எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது வரை, அது முடிந்துவிட்டதே என்று என் பஞ்சாங்க அறிவையும் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முதல்நாள் ஞாயிற்றுக்கிழமைதான் நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். ஆகவே எங்கள் ஒன்பது மணி, ராகுவுக்கு இன்னும் எட்டு மணிதானாம். வெளியே என் லொறி தெருவில் பாதியை மறித்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடிக்கிறான், இன்னொருவன் இறங்கியே வந்துவிட்டான். நான் கெஞ்சினேன். அந்த அம்மா இரண்டாவது தேத்தண்ணியை ஊற்றியபடி கேட்டார்: “அரசாங்கம் மணிக்கூட்டைத் திருப்பினாப்போலை ராகு திரும்புவாரோ அண்ணை?”

இறங்க மறுத்த பிள்ளையார்

கோலியர்ஸ் வுட்டில் ஒரு நேர்ஸ் பிள்ளை. ஆஸ்பத்திரி உடுப்போடு ஓடிவந்து திறப்பைக் கையில் வைத்தாள். அப்படியான ஆட்களைக் கண்டால் எனக்குச் சந்தோசம். காரைத் திறந்து பார்த்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பிள்ளையார். அவளுடைய அம்மா கார் வாங்கிய அன்றே ஒட்டியது. என்ன பசையோ தெரியாது, பிள்ளையார் அசையமாட்டேன் என்கிறார். பிள்ளையாரோடு சேர்த்துக் காரை இரும்புக்குப் போட அவளுக்கும் மனமில்லை, எனக்கும் துணிவில்லை.

கத்தி வைத்துப் பார்த்தோம். தலைமயிர் காயவைக்கிற மெசினால் சூடு காட்டினோம். கனடாவிலிருந்து தாயார் வீடியோவில் வந்து, “தும்பிக்கையிலை பிடியாதையுங்கோ, இடுப்பிலை பிடியுங்கோ” என்று எனக்குக் கட்டளை போட்டார். இடுப்பில் பிடித்தேன். படாரென்று ஒரு சத்தம். பிள்ளையார் வந்தார், அவருக்குக் கீழே ஒரு சாண் டாஷ்போர்டும் உடைந்து வந்தது. அந்தத் துண்டைத் தேய்த்து எடுத்துத் தருகிறேன் என்றேன். பிள்ளை அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “வேண்டாம் அங்கிள், அந்தத் துண்டும் இருக்கட்டும். ஃபர்ஸ்ட் நைட் ஷிப்டுக்கு நான் அழுதுகொண்டு போனது இந்தக் காரிலைதான்.”

பெற்றோல்

இவர் பாரிசிலிருந்து லண்டனுக்கு மாறி வந்து கடை போட்டவர். வெம்பிளியில் வீடு. காரை லொறியில் ஏற்றி, நாலு சில்லையும் இறுக்கிக் கட்டி, நான் சீற்றில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு குழாயும் கானும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். இறக்கச் சொன்னார். ஏன் என்றேன். “தம்பி, நான் காரைத்தான் தானம் குடுத்தனான். பெற்றோலையில்லை.”

ஹரோவில் ஒரு சாம்பல் நிறக் கார்

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. இந்த வருடம் மார்ச்சில் ஹரோவுக்கு மூன்று தரம் போன கதை வேறு.

காரைக் கொடுக்க முன்வந்தவர் ரமணன். கணக்காளர், கேம்பிரிட்ஜ் பக்கம் குடியிருக்கிறார். கார் அவர் பெயரில் இருந்தாலும் நிற்பது ஹரோவில் தாய் தகப்பன் வீட்டு முற்றத்தில். ரோட்டில் ஓடுவதில்லை. ஐந்தாந் திகதிக்கு முன் ஏலத்தில் விற்றாக வேண்டும் என்று போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் போனபோது பின்னேரம் நாலு மணியாகப் போகிற நேரம். தாயார் தவமணி அக்கா, எழுபது வயதிருக்கும், வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நாளைக்கு வாங்கோ என்றார். அதற்குள் கதவு திறந்து அவருடைய கணவர் பாலா அண்ணை வந்தார். சப்பாத்து, கோட், வாரிய தலை. என்னைக் கவனிக்கவில்லை. “நேரம் போட்டுது” என்று சொல்லிக்கொண்டு நேரே காரின் ஓட்டுநர் சீற்றில் ஏறினார். அக்கா ஓடிப்போய் மற்றப் பக்கத்தால் ஏறினார். இரண்டு பேரும் பெல்ட் போட்டார்கள்.

பற்றரி செத்த கார். திறப்பும் அதில் இல்லை, அக்காவின் கைக்குள் இருந்தது. பாலா அண்ணை ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேற்றரையும் போட்டார். அக்கா மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: “வலப்பக்கம் திருப்புங்கோ. இது கென்ரன் சந்தி. சிவப்பு விழுந்திட்டுது, நில்லுங்கோ. ஓம், இப்ப போங்கோ.” கார் ஒரு அங்குலம் அசையவில்லை. நான் லொறிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். கொஞ்ச நேரம் போக, “இண்டைக்குப் போதும்” என்று அவர் பெல்ட்டைக் கழற்றினார். முகம் தெளிந்து, வேலை முடிந்த மனிதராக வீட்டுக்குள் போனார்.

அக்கா வெளியே வந்து விசயத்தைச் சொன்னார். பாலா அண்ணை வாழ்நாளெல்லாம் மினிகேப் என்ற வாடகைக் கார் ஓடியவர். பின்னேரம் நாலு மணிக்கு வேலை தொடங்குவார். இப்போது நினைவு மங்கிவிட்டது, ஆனால் நாலு மணி மட்டும் மங்கவில்லை. மறித்தால் கதவில் அடித்து அழுவாராம். ஒருநாள் தெருவில் இறங்கி நடந்து போய்ப் பொலிஸ் கூட்டிவந்ததாம். காரில் ஏற்றி இருத்திப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் அமைதி, இரவுச் சாப்பாடும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். மகன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு வெள்ளன, நாலு மணிக்கு முதலே போய்விடுவார். அந்த நேரம் அப்பா சாதுவாக இருப்பார். மகனுக்கு இது ஒன்றும் தெரியாது. கார் வேண்டுமென்றால் ஏனென்று கேட்பான், உண்மையைச் சொன்னால் முதியோர் இல்லம் என்பான். அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சொன்னார்: “அவன் கூடாத பிள்ளையில்லை, தம்பி. எனக்காக இரக்கப்பட்டுத்தான் அவரை ஹோமிலை விடச் சொல்லுவான். அதுதான் எனக்குப் பயம்.”

நோர்த் சேர்க்குலர்

லொறி உள்ளே போக இடமில்லை, அடுத்த வீட்டுக் கார் மறிக்கிறது என்று கந்தோருக்குச் சொன்னேன். அடுத்த கிழமை திரும்பவும் அனுப்பினார்கள். இந்தமுறை நாலு மணிச் சங்கடம் வேண்டாமென்று காலையில் போனேன். உண்மையைச் சொன்னால், காரை ஏற்றுகிற எண்ணமே எனக்கு இருக்கவில்லை. அக்கா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது. சும்மாதான் வந்தேன் என்றேன். இன்னொரு கோப்பை மேசைக்கு வந்தது.

பாலா அண்ணை மேசையில் இருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் சட்டையில் கம்பனிப் பெயர்ப் பட்டி இருந்ததால் என்னையும் ஓட்டுநர் என்று பிடித்துவிட்டார். எந்த ஏரியா ஓடுகிறீர் என்று கேட்டார். வடமேற்கு என்றேன். பிறகு எனக்கு ஒரு வகுப்பே நடந்தது: எந்த ஸ்டேசனில் மழை நாளில் ஆட்கள் நிற்பார்கள், எந்தச் சந்தியில் கமெரா, எந்தத் தெருவால் போனால் ஸ்டேடியம் கூட்டத்தில் மாட்டுப்பட மாட்டோம். மகனின் வயதைக் கேட்டால் தடுமாறுகிற மனிதர். ஒரு தெருப் பெயர்கூடப் பிழைக்கவில்லை. அக்கா கல்லில் தோசையைத் திருப்ப மறந்து கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அண்ணை என் பக்கம் குனிந்து இரகசியமாகச் சொன்னார்: “மூண்டு மணிக்குப் பிறகு நோர்த் சேர்க்குலர் ரோட்டிலை ஏறாதையும், தம்பி. அதிலை ஏறினவன் ஒருநாளும் மனிசி குடுக்கிற சோத்தைச் சூட்டோடை சாப்பிட்டதில்லை.”

மொரீன்

இந்தமுறை லொறியில் கார் இழுக்கிற இரும்புக் கயிறு சிக்கிவிட்டது என்று சொன்னேன். மொரீன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். அந்தக் கயிற்றை அவள் கண் முன்னால்தான் முதல்நாள் புதிதாக மாற்றியிருந்தோம். அவளிடம் பொய் நிற்காது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மணி, கென்ரன், சிவப்பு விளக்கு எல்லாம் சொன்னேன்.

அவள் போனை எடுத்துக் குப்புற வைத்தாள். ரமணன் ஏற்கெனவே மூன்று தரம் எடுத்து ஏசியிருக்கிறார் என்றாள். ஐந்தாந் திகதிக்கு முன் இனி ஒரேயொரு ஏலம்தான் இருக்கிறதாம். அந்தச் சலுகை கைவிட்டுப் போனால் அவர் மேலிடத்துக்கு எழுதுவார், இரண்டு பேருக்கும் வேலையில் பிரச்சினை வரும். பிறகு என்னுடைய வேலைத் தாளை எடுத்து, சிக்கிய கயிறு என்று தன் கையாலேயே எழுதி ஒப்பமும் வைத்தாள். அவள் இங்கிலிசில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “உன் லொறி இந்த மாதம் இதற்குமேல் பழுதாக முடியாது. அடுத்த முறை நீ காரோடுதான் வரவேண்டும், இல்லையென்றால் உண்மையோடு.”

மூன்றாந் தரம்

மூன்றாந் தரம் போனபோது முற்றத்தில் ரமணனே நின்றார். அரைநாள் லீவு போட்டுவிட்டு வேலை உடுப்போடு வந்திருந்தார். அடுத்த வீட்டுக் காரை நகர்த்தச் சொல்லி வழியும் எடுத்து வைத்திருந்தார். மரியாதையான மனிதர். கந்தோருக்கு ஏசியதற்கும் என்னைத் திரும்பத் திரும்ப அலையவைத்ததற்கும் என்னிடம் மன்னிப்பும் கேட்டார். அக்கா வாசல்படியில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. திறப்பை மகனிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

நான் என்னால் முடிந்தளவு மெதுவாக வேலை செய்தேன். ரயரைப் பார்த்தேன், பார்த்த ரயரைத் திரும்பவும் பார்த்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் கயிற்றைக் கொளுவினேன். நாலு மணியாகியது. சப்பாத்து, கோட், வாரிய தலையோடு பாலா அண்ணை வந்தார்.

“அப்பா, எங்கை போறியள்? குளிருது, உள்ளை வாங்கோ” என்று ரமணன் கையைப் பிடித்தார். அண்ணை கையை உதறினார். “விடும் என்னை! ஆக்கள் காருக்குக் காத்துக்கொண்டு நிக்கினம்!” என்று கத்தினார். தன்னைப் பிடித்திருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ரமணன் திகைத்துப் போய்க் கையை விட்டார். அக்கா படியிறங்கி வந்தார். கணவரைச் சீற்றில் இருத்தி, பெல்ட்டைப் போட்டு, சுற்றிவந்து தானும் ஏறினார். “வெளிக்கிடுவம். வலப்பக்கம் திருப்புங்கோ” என்றார். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது.

நான் கயிற்றைக் கழற்றினேன். ஆட்கள் இருக்கிற காரை இழுக்கக் கூடாது, அது சட்டம் என்று ரமணனுக்குச் சொன்னேன். அது உண்மையும்தான். அவர் கையில் பத்திரங்களோடு அப்படியே நின்றார். கென்ரன் போனது. சிவப்பு விளக்கில் நின்றார்கள், பச்சைக்கு எடுத்தார்கள். அம்மாவின் குரலை அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தவும் தோன்றவில்லை, அதனால் எனக்கு எல்லாம் கேட்டது.

பாலா அண்ணை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கத்திய மனிதர் இல்லை, இவர் வேறு. “எங்கை போகவேணும், தம்பி?” என்று தன்மையாகக் கேட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. “ஹரோவுக்கு” என்றார் ரமணன் ஒருமாதிரி. அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. ஹரோவோ, நல்லதாகப் போய்விட்டது, என் வீடும் அங்கேதான், மனிசி பார்த்துக்கொண்டிருப்பா, உம்மை இறக்கிவிட்டு நானும் போகலாம் என்றார். மனிசி பக்கத்தில் இருந்து, “இடப்பக்கம்” என்றார். நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை, இரும்புக் கயிற்றைச் சுற்றுகிற சாக்கில் நன்றாகவே அழுதேன்.

வந்து சேர்ந்ததும் ரமணன் இறங்கி முன்கதவைத் திறந்தார். தகப்பன் இறங்கி, அவருடைய தோளில் தட்டினார். “காசு வேண்டாம் தம்பி, ஒரே வழிதானே” என்றுவிட்டு உள்ளே போனார். அக்கா காரிலேயே இருந்தார். மடியில் கை, கண் முற்றத்தில். “அவரை எங்கையும் அனுப்பிப்போடாதை, ராசா” என்றார். ரமணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். “ஓடுற ட்ரைவரை ஆர் அம்மா வேலையாலை நிப்பாட்டுறது? இனிச் செவ்வாயும் வியாழனும் நான் வாறன். ஒரு ஆளெண்டாலும் ஏறவேணுமெல்லோ” என்றார். அக்கா அப்போதுதான் அழுதார்.

நான் லொறியில் ஏறப் போனேன். கந்தோருக்கு என்ன சொல்வது, மொரீன் கேட்ட உண்மையை எந்தப் பெட்டிக்குள் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ரமணன் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “கார் நிக்கட்டும், அண்ணை. வரியை நான் கட்டுறன்.”

வரிக்காகக் காரை விட்டுக்கொடுத்த கனபேரை நான் லண்டனில் கண்டிருக்கிறேன், காருக்காக வரிச் சலுகையை விட்டுக்கொடுத்தவர் எனக்குத் தெரிந்து அந்த ஒரு கணக்காளர்தான்.